மேனேஜரின் பாதங்கள்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் 'பத்து நிமிஷ அக்கா' என்று பெயர். ஆபரேஷனுக்குப் போய்வந்த கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் கடைசியில் வந்து விழுகிற அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது, எந்நேரமும் நீராவி. அங்கே பத்தொன்பது வருஷமாக அவளுக்கு வேலை. கருவிகளை மருந்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் முழுசாகப் பத்து நிமிஷம் கிடக்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் ஏழு நிமிஷத்தில் எடுத்துவிட்டுக் கடிகாரத்தின் மேல் பழியைப் போடுவார்கள். அவளிடம் அந்தப் பருப்பு வேகாது. சர்ஜனே வாசலில் நின்று குதித்தாலும், "பத்து நிமிஷம் ஆகட்டும் டாக்டர்" என்பாள். அவள் கழுவிய தட்டிலிருந்து ஒரு நோயாளிக்கும் சீழ் பிடித்தது என்ற பேச்சு இதுவரை வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே, பெருமைப்பட வேறு என்ன இருந்தது அவளுக்கு?

ஒரே மகன். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலையில் இருந்தான். இருபத்துமூன்று வயதில் இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. புருஷன்காரர் எப்போதோ வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போனவர். அவருக்கு இந்தக் கதையில் இடமில்லை. அவள் தன்னுடைய இடது கிட்னியைக் கொடுத்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்று டாக்டர்கள் சொன்னபோது, "யோசிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு? கத்தியை எடுங்க. நான் கழுவின கத்திதான்" என்றாள்.

உயிர் திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. பையன் சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, காலை எட்டு மணிக்கும் மாலை எட்டு மணிக்கும் மாத்திரை. ஆயுசு முழுக்க. ஒரு வேளை தவறினாலும் ஆபத்து. அவள் டம்ளரோடு தலைமாட்டில் நிற்பாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்பான். வேலையில் நிற்கும்போதும் அவன் மாத்திரை போட்டானா என்கிற நினைப்புத்தான். நடக்கச் சொன்னார் டாக்டர். கதவு வரைக்கும்கூட அவன் நடக்கவில்லை.

அப்படி ஒன்றரை வருஷம் ஓடிய பிறகு நாய் வந்தது.

ஒரு மழை நாளில் இரண்டாம் மாடியில் அவர்கள் வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொண்டது. செங்கல் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். கதவைத் திறந்ததும் உத்தரவு கேட்காமல் உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் பார்த்து, சமையலறையில் எட்டிப் பார்த்து, ஒரு தும்மல் தும்மி, நாற்காலிக்குப் பக்கத்தில் கம்பீரமாக உட்கார்ந்தது. படுக்கையில் இருந்தவன் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, மேனேஜர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கார். ஃபைலை எல்லாம் எடுத்து வை" என்றான். அவள் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒன்றரை வருஷத்தில் அவன் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. அந்த ஒரு பேச்சுக்காக யானையைக்கூட வீட்டில் கட்டியிருப்பாள்.

ஆனாலும் பயம். கிட்னி டாக்டரிடம் கேட்டாள். "வச்சுக்கலாம். ஊசியெல்லாம் போட்டுடுங்க. உங்க பையனுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி, அதனால சுத்தம் முக்கியம். வெளிய போயிட்டு வந்தா நாயோட காலைக் கழுவி விடுங்க" என்றார். அவர் சொன்னது சோப்பும் தண்ணீரும். அவள் காதில் விழுந்ததோ, பத்தொன்பது வருஷமாக அவள் செய்துவரும் வேலை.

அன்றிலிருந்து தினம் மாலை அவள் வேலையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் நடக்கப் போவார்கள், மகனும் மேனேஜரும். திரும்பி வந்தால் மகனை நேராகக் குளியலறைக்கு விரட்டிவிடுவாள். வாசலில் நீல பேசினில் தண்ணீர், அதில் ஒரு மூடி பினாயில். கையில் இரண்டு ஜோடி கையுறை. மேனேஜரின் நான்கு கால்களையும் அதில் நிறுத்தி, கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்ப்பாள். பத்து நிமிஷம். நாய் திமிறும். "நில்லுடா மேனேஜர், ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்" என்பாள். பிறகு துணியால் ஒற்றி விடுவாள். அலசமாட்டாள்; மருந்து காய்ந்தால்தான் வேலை செய்யும் என்பது அவள் படித்த பாடம். தரையைத் தினம் இரண்டு முறை அதே பினாயிலில் துடைக்கிறவள் என்பதால் வீடு பூராவும் அந்த வாடைதான். பையனுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

மூன்று மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பையனுக்குக் கன்னம் பூசியது. எட்டு மணிக்கு அவனே மாத்திரையைப் பிரித்தான். "சீக்கிரம் போட்டுட்டா மேனேஜரோட கொஞ்ச நேரம் பால்கனியில உக்காரலாம்ல" என்றான். இவள் தெய்வத்துக்கு நன்றி சொல்வதா, நாய்க்குச் சொல்வதா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

பிறகுதான் மேனேஜரிடம் ஏதோ கோளாறு என்று தெரிய ஆரம்பித்தது.

நடந்துவிட்டு வந்தால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் உட்கார்ந்து பாதத்தை நக்கும். வாயில் எச்சில் வழியும். உடம்பு வெடவெடவென்று நடுங்கும். கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும், கூப்பிட்டால் வராது. காலையில் கொஞ்சம் தெளிந்துவிடும். மறுநாள் நடந்துவிட்டு வந்தால் திரும்பவும் அதே கதை.

"வெளிய எதையோ மிதிக்கிறான்மா" என்றான் மகன். அவன் எழுந்து வந்து தன் பழைய மேசையைத் தூசி தட்டினான். பெரிய தாளை விரித்துப் போட்டு, பேட்டை முழுவதையும் வரைந்தான். வாய்க்கால் ஓரப் பாதை, பூங்கா, பட்டறைத் தெரு. இன்றைக்கு எந்த வழியில் போனோம், மேனேஜர் எங்கே நின்று மோந்தான், வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை தரம் நடுங்கினான், எல்லாவற்றையும் சின்னச் சின்ன எழுத்தில் குறித்தான். இரண்டு வருஷமாகப் பென்சிலைத் தொடாத பையன்! அவள் அந்தத் தாளைப் பார்த்துப் பூரித்துப்போனாள். நாய்க்கு உடம்பு சரியில்லாததில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பாவி, அதை அவளே பிற்பாடு நினைத்து நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"பூங்காவுல களைக்கொல்லி அடிக்கிறாங்கம்மா. அதுதான்" என்றான் முதலில். பூங்காவை விட்டார்கள். அவள் பேசினில் இரண்டு மூடி ஊற்றினாள், ஒட்டியிருக்கும் விஷம் போகட்டும் என்று. நாய் தேறவில்லை.

"பட்டறைத் தெருவுல எண்ணெய் ஓடுது." அந்தத் தெருவையும் விட்டார்கள். அவள் மூன்று மூடி ஊற்றினாள். நடுக்கம் கூடியது.

அவளுடைய வேலையில் இதுதான் முறை. கிருமி சாகவில்லை என்றால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் ஊற்று. கிருமிக்கு எவ்வளவு என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தோலுக்கு எவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவளிடம் வந்ததெல்லாம் இரும்பு. இரும்பு எப்போது வலிக்கிறது என்று சொன்னது?

கீழ்வீட்டில் ஒரு தையல்காரர். மிஷினை வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார், போகிற வருகிற ஆளை எல்லாம் அளவெடுத்துவிடுவார். ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"ஏங்க்கா, உங்க மேனேஜருக்கு என்ன பிரச்சினை? போறப்போ என்னமா துள்ளிக்கிட்டுப் போறாரு! திரும்பி வர்றப்போதான் முதல் மாடித் திருப்பத்துல சட்டமா உக்காந்துக்குறாரு. தம்பி இழுத்தாலும் வர மாட்டேங்குறாரு. வீட்டுல மாமியார் கொடுமையா?"

"ஆமா, நான்தான் மாமியார். போய்யா, உனக்கு எப்பப் பார்த்தாலும் கிண்டல்" என்று சிரித்துக்கொண்டே படியேறிவிட்டாள்.

அந்த மனுஷன் வாயிலிருந்து அத்தனையும் வந்துவிட்டது. நாய்க்குப் பயம் வெளியில் இல்லை, வீட்டு வாசலில் என்று பச்சையாகச் சொன்னார். அவளுக்குத்தான் உறைக்கவில்லை. மகனுக்கும் உறைக்கவில்லை, அவன் முதல் மாடித் திருப்பத்தையும் தாளில் வரைந்து, 'நடந்த களைப்பு?' என்று ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தான்.

கடைசியாக மிஞ்சியது வாய்க்கால் பாதை. "அது வேண்டாம்டா, சாக்கடை கலக்குது" என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "தண்ணி ஓரமாப் போகமாட்டேன்மா, மேலேயே நடக்குறேன்" என்று கூட்டிக்கொண்டு போனான். ஒருநாள் வெயிலில் மேனேஜர் கயிற்றை உருவிக்கொண்டு இறங்கி நாலு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டது. அவன் வந்து சொன்னதும் இவள் பினாயில் கேனைத் தூக்கினாள். நாலு மூடி ஊற்றினாள். கால் மட்டும் போதாதென்று வயிற்றையும் தொடையையும் அதே தண்ணீரால் துடைத்துவிட்டாள். நாய் முதல் தடவையாக அவளைப் பார்த்து உறுமியது. "என்னையேவா? உன் நல்லதுக்குத்தானேடா" என்று அதட்டினாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில், மகன் பால்கனியிலிருந்து கத்தினான். "அம்மா! மேனேஜர் கறுப்பா ஒண்ணுக்குப் போறான்மா!"

நாய் நிற்க முடியாமல் பின்னங்கால் மடங்கி விழுந்தது. மகனின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. அவனும் வருகிறேன் என்று கிளம்பினான். "அங்க ஊர்ப்பட்ட நாயும் பூனையும் இருக்கும், உனக்கு ஏதாவது ஒட்டிக்கிச்சுன்னா? நீ இரு" என்று அவனைத் தடுத்து, மேனேஜரைப் போர்வையில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு வாடகைக் காரில் போனாள்.

கால்நடை டாக்டர் சின்னப் பெண். மேசை மேல் நாயைக் கிடத்தி, முதலில் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். பிறகு பாதத்தைத் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றாள். அடிப்பாதம் வெளுத்து, ஓரமெல்லாம் தோல் உரிந்து, நடுவில் ஈரச் சிவப்பாக இருந்தது. டாக்டர் குனிந்து மோந்து பார்த்தாள்.

"கால் கழுவுவீங்களாம்மா?"

"தினமும் கழுவுவேன் டாக்டர். நான் ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்குறேன். ஒரு நாள்கூடத் தவறினதில்லை." அந்த நிலையிலும் குரலில் அந்தப் பழைய பெருமை எட்டிப் பார்த்தது.

"எதுல கழுவுவீங்க?"

"பினாயில். பத்து நிமிஷம் நிக்க வைப்பேன். முழுசா."

"தண்ணியில எவ்வளவு ஊத்துவீங்க?"

"முதல்ல ஒரு மூடி. இப்ப நாலு."

"உங்க கைக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ரெண்டு ஜோடி கையுறை போட்டுப்பேன் டாக்டர். அதை வெறுங்கையில தொடவே கூடாதே, தோலு வெந்து..."

மேசையில் மேனேஜர் தன் காலை மெல்ல இழுத்துக்கொண்டது.

பிறகு டாக்டர் நிதானமாகச் சொன்னாள். பினாயில் தோல் வழியாக உள்ளே போகும். நக்கினால் வயிற்றுக்கும் போகும். மாதக்கணக்காகப் போயிருக்கிறது. வெளியில் எந்தத் தெருவிலும் ஒன்றும் இல்லை. ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கிட்னியும் வேலை செய்யலைம்மா" என்றாள்.

"மாத்த முடியாதா?" என்று கேட்டாள் அவள். வேறு எவள் கேட்பாள் அப்படி ஒரு கேள்வி? முடியாது என்று டாக்டர் தலையசைத்தாள்.

மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். மேசைக்குக் கீழே ஒரு கூண்டில் மேனேஜர் கிடந்தது. அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கம்பிக்குள் விரலை விட்டாள். அது விரலை நக்கியது. திட்டு வாங்கியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்த நாக்கை அவளால் தாங்க முடியவில்லை. "மேனேஜர், நான் வேணும்னு செய்யலைடா. சத்தியமா வேணும்னு செய்யலைடா" என்று அந்த இடத்திலேயே, வந்திருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, ஓவென்று அழுதாள்.

போன் அடித்தது. மகன்.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க? எதனாலயாம்?"

"தெரியலைங்குறாங்கடா."

"வாய்க்கால்தானேம்மா? அன்னைக்குக் குடிச்சானே?"

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாததும் ஒரு பதில்தான் என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மேனேஜர் போய்விட்டது. அவள் மட்டும்தான் கூட இருந்தாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது மகன் அழவில்லை. "சரிம்மா" என்றான். மேசை மேல் விரித்திருந்த தாளைச் சுருட்டினான். "நீ வேண்டாம்னு சொல்லியும் நான்தான் வாய்க்காலுக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் கைவெச்சது எதுதான் உருப்பட்டிருக்கு?" என்றான். போய்ப் படுத்துக்கொண்டான். சுவரைப் பார்த்து.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் தன்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்ததும் அப்படியே விழுங்கிவிட்டாள். உலகத்தில் அவளுக்கு இருந்தது அவன் ஒருவன். அவன் கண்ணில் தான் ஒரு கொலைகாரியாக நிற்பதா? காலம் ஆற்றிவிடும், இன்னொரு நாய் பார்க்கலாம் என்று தனக்குத் தானே கதை சொல்லிக்கொண்டாள். நீல பேசினை மட்டும் அன்றே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் எறிந்தாள். பினாயில் கேனையும் எறிந்தாள். வீட்டில் வாடை போகவில்லை.

மேனேஜர் போய் ஐந்தாம் நாள் காலையில் அவனுடைய போர்வையை அவள் உதறியபோது தலையணை உறையிலிருந்து மாத்திரைகள் கொட்டின. வெள்ளை, மஞ்சள், வெள்ளை, மஞ்சள். வாயில் போடுவதுபோல் போட்டு, அவள் திரும்பியதும் துப்பி ஒளித்திருக்கிறான். நான்கு நாளைய மாத்திரை. அவன் குளியலறையில் இருந்தான். அவள் தரையில் உட்கார்ந்து அவற்றைப் பொறுக்கினாள். ஒரு வேளை தவறினாலே ஆபத்து என்றார்களே, எட்டு வேளை. வெளியே வந்தவன் அவளையும் அவள் உள்ளங்கையையும் பார்த்தான்.

"கோவிச்சுக்காதேம்மா. எனக்கு வேண்டாம். ஒரு வாயில்லா ஜீவனைக் கொன்னுட்டு, நான் மட்டும் மாத்திரை போட்டுக்கிட்டு எதுக்கு இருக்கணும்?"

"நீ கொல்லலைடா."

"சும்மா சமாதானத்துக்குச் சொல்லாதே."

"நீ கொல்லலைடா. நான் கொன்னேன்."

சொன்னாள். ஒரு மூடியிலிருந்து ஆரம்பித்து, நாலு மூடி வரைக்கும். கையுறை, பத்து நிமிஷம், அலசாமல் விட்டது, டாக்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தது, ஒன்று விடாமல். அவன் நின்றுகொண்டே கேட்டான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"எத்தனை நாளாம்மா?"

"வந்த நாள்லேருந்து. அஞ்சு மாசமா."

"நான் மேப் போட்டு உன்கிட்ட காட்டினேனே, அப்போ?"

"நீ ஒவ்வொரு தெருவா அடிக்க அடிக்க, நான் ஒவ்வொரு மூடியாக் கூட்டினேன்டா."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். முகம் கோணியது. கத்தப் போகிறான், எதையாவது தூக்கி எறியப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். எறியட்டும் என்று நினைத்தாள். அவள் மேலேயே எறியட்டும். அவன் வயிற்றின் வலது பக்கத்தில், தழும்பு இருக்கிற இடத்தில், கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

"உன்னைத் திட்டக்கூட முடியலையேம்மா. உன் கிட்னியில உயிரோட உக்காந்துக்கிட்டு எந்த வாயால உன்னைத் திட்டுறது?"

"திட்டுடா. வாய்க்கு வந்தபடி திட்டு. அடிச்சாலும் வாங்கிக்கிறேன். மாத்திரையை மட்டும் போட்டுக்கோ ராசா."

அவன் அவள் கையிலிருந்து ஒரு வேளை மாத்திரைகளை மட்டும் பொறுக்கி எடுத்தான். ஒவ்வொன்றாக விழுங்கினான். சின்னப் பிள்ளையில் செய்ததுபோல வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

அன்றே கிட்னி டாக்டரிடம் ஓடினார்கள். "தப்பிச்சீங்க, இனிமே இப்படிச் செய்யாதீங்க" என்றார் அவர். அதற்குப் பிறகு அவன் ஒரு வேளையும் தவறவிட்டதில்லை. தானே நடக்கப் போகிறான், தனியாக. ஆளும் தேறிவிட்டான். பழைய ஆபீஸிலேயே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் வேண்டியது எல்லாம் நடந்துவிட்டது.

அவளோடு மட்டும் அவன் பேசுவதில்லை. கோபமும் இல்லை, சண்டையும் இல்லை. கேட்டால் 'ம்' என்கிறான். அவள் சமைத்ததைச் சாப்பிடுகிறான். அவள் தினம் மாலை எட்டு மணிக்கு முன்னால் அவனிடம் கேட்க ஏதாவது ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் வந்து மாத்திரையை விழுங்குகிறான், வாயைத் திறந்து காட்டுகிறான், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்.